எலுமிச்சம்பழம் வைத்தேன், பத்திரத்தைப் படிக்கவில்லை: தென்னாப்பிரிக்காவில் பழைய கார் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

பைன்டவுனைத் தாண்டி க்ளூஃப் பக்கம் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில்தான் ஒரு வண்டியின் சாயம் வெளுக்கும். என் காரின் சாயமும் அங்கேதான் வெளுத்தது. இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஓர் உதறல், யாரோ பின்னாலிருந்து இடித்தது போல. டர்பனில் ஒரு டீலரிடம் அந்தக் காரை வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. 94,000 கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக். வாங்கிய அன்றே உம்கேனி சாலைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. டேஷ்போர்டு டப்பாவுக்குள் இரண்டு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியின் பத்திரம் கிடந்தது. அதை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

"வாரண்டி இருக்கிறதே, எதற்குக் கவலை" என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தவறுகளிலேயே பெரியது. காசு கொடுத்து வாங்கிய அந்தப் பத்திரம், காசே கொடுக்காமல் சட்டம் எனக்குத் தந்திருந்த உரிமையை மறக்கடித்துவிட்டது. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் என்று எங்கே இருந்தாலும் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 55, 56-ஆம் பிரிவுகளின்படி, டீலரிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால், கையில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தரலாம். பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று சொல்லவேண்டியவர் வாங்கியவர்தான், டீலர் இல்லை. பழைய காருக்கும் இது பொருந்தும். பழுது பார்த்துக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்ப வந்தாலோ புதிதாக இன்னொன்று முளைத்தாலோ, அப்புறம் பழுது என்ற பேச்சே இல்லை. மாற்றித் தரவேண்டும் அல்லது பணத்தைத் தரவேண்டும்.

இதெல்லாம் தெரியாமல், உதறல் வந்ததும் டீலருக்கு போன் செய்தேன். "உங்களிடம்தான் வாரண்டி இருக்கிறதே, அவர்களிடம் கிளைம் போடுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். நானும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். வாரண்டிக் கம்பெனிக்காரர்கள் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னார்கள். ஒர்க்‌ஷாப்பில், கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். பிரிக்க 4,500 ராண்ட். கிளைம் ஒப்புக்கொள்ளப்பட்டால் கம்பெனி கொடுக்கும், இல்லையென்றால் நான் கொடுக்கவேண்டும். கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது: கியர்பாக்ஸில் குறை இல்லை, கிளட்ச் தேய்ந்திருக்கிறது, கிளட்ச் என்பது தேய்மானப் பாகம், தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது.

என் காரில் கிளட்ச் மிதியே கிடையாது! இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். உள்ளே கம்ப்யூட்டர்தான் கிளட்சை மிதிக்கிறது, விடுகிறது. நான் எதைத் தேய்த்தேன் என்று கேட்டுப் பார்த்தேன். பத்திரத்தின் பதினொன்றாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். கியர்பாக்ஸ் ஒரு வரியில் இருந்தது, அதற்கு இவ்வளவு ராண்ட் வரைதான் என்ற உச்சவரம்போடு. கிளட்ச், பிரேக், டயர், ரப்பர் குழாய்கள் எல்லாம் "சேராதவை" பட்டியலில் இருந்தன.

பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்: முதலில் சேராதவை பட்டியல். அடுத்து ஒவ்வொரு பாகத்துக்கும் உச்சவரம்பு எவ்வளவு என்கிற அட்டவணை. 40,000 ராண்ட் ஆகும் வேலைக்கு வரம்பு 15,000 என்றால், மீதி உங்கள் தலையில். மூன்றாவது, சர்வீஸ் விதி. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எத்தனை நாள் தள்ளிப்போகலாம், எந்த மாதிரி ஒர்க்‌ஷாப்பில் செய்யவேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஆயில் மாற்றுவதை இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போட்டீர்கள் என்பதற்காக இன்ஜின் கிளைமையே தள்ளிவிட அவர்களுக்கு அந்த ஒரு பத்தி போதும். நான்காவது, அனுமதி விதி: கம்பெனி சரி சொல்வதற்கு முன் பழுது பார்த்துவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இந்த நான்கையும் படிக்க இருபது நிமிடம் ஆகும். டீலரின் ஃபைனான்ஸ் மேசையில் உட்கார்ந்துகொண்டு படிக்க முடியாது. சாவி எதிரே கிடக்கும்போது யாருக்குப் படிப்பு ஓடும்? பத்திரத்தை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப்போங்கள். தரமாட்டேன் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது.

அந்த மேசையைப் பற்றி இன்னும் கொஞ்சம். கார் விலை பேசி முடித்து நாம் களைத்துப்போயிருக்கும் நேரத்தில்தான் வாரண்டி, ஸ்கிராட்ச் காப்பு, டயர் காப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வரும். "மாதம் 360 ராண்ட்தான் கூடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 18,000 ராண்ட் வாரண்டியைக் கடனோடு சேர்த்து, 13 சதவீத வட்டியில் 72 மாதம் கட்டினால், கடைசியில் ஏறக்குறைய 26,000 ராண்ட் ஆகும். வாரண்டி இரண்டு வருடத்தில் முடிந்துபோகும். அதற்கான தவணையை அதற்கு மேலும் நான்கு வருடம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். காருக்குக் கடன் கொடுக்கும் வங்கி முழுக் காப்பீடு கேட்கும், அது நியாயம். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், வங்கியிடமிருந்து எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வாரண்டியே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. டர்போ இன்ஜின், ஐரோப்பியக் கார், கையில் அவசரத்துக்குப் பணம் இல்லை என்ற நிலையில் சிலருக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் அந்த 18,000 ராண்டைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவைத்தால், அதில் சேராதவை பட்டியல் கிடையாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி, சர்வீஸ் பிளான், மெயின்டனன்ஸ் பிளான் மூன்றும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய பேர். வாரண்டி, உற்பத்திக் குறைக்கும் திடீரென்று உடைந்துபோகும் பாகத்துக்கும். சர்வீஸ் பிளான், ஆயில், ஃபில்டர் போன்ற வழக்கமான வேலைக்கு மட்டும். பிரேக் பேடு, வைப்பர் போன்ற தேய்மானத்தையும் சேர்த்துப் பார்ப்பது மெயின்டனன்ஸ் பிளான். விற்பவர் "பிளான் இருக்கிறது" என்று மொட்டையாகச் சொன்னால் எந்த பிளான், எந்தத் தேதிவரை, எத்தனை கிலோமீட்டர்வரை என்று கேளுங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடும் என்ற பயம் இன்னொன்று. சாட்ஸ்வர்த்தில் எனக்குத் தெரிந்த ஓர் அங்கிள் முப்பது வருடமாக வீட்டுக் கராஜிலேயே வேலை பார்க்கிறார். தமிழ் நாலு வார்த்தைதான் வரும், கியர் ஆயிலை மோந்து பார்த்தே கருகல் என்று சொல்லிவிடுவார். இந்த பயத்தால் பலர் அவரிடம் போவதில்லை. இங்கே வணிகப் போட்டியைக் கவனிக்கும் போட்டி ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தயாரிப்பாளரின் வாரண்டி உள்ள காரையும், நீங்கள் விரும்பும் வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யலாம், அதற்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்கின்றன அவை. சர்வீஸ் பிளானைக் கார் விலையோடு சேர்த்துக் கட்டிவிடாமல் தனியாகக் காட்டவேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனால் கவனம்: வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை. தனியாக வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டியோ வேறு ஒப்பந்தம்; பதிவு பெற்ற ஒர்க்‌ஷாப்பின் முத்திரையும் பில்லும் கேட்கும். அங்கிளிடம் விட எனக்கு ஆசைதான். ஆனால் வாரண்டி ஓடும்வரை, பில் கொடுக்கிற இடத்தில் செய்துவிட்டு, அது முடிந்தபின் அவரிடம் போவதுதான் புத்தி.

ரோட்வர்தி சான்றிதழை நம்பி வாங்குவதும் பொதுவான தவறு. அது, வண்டி சாலையில் ஓடப் பாதுகாப்பானதா என்று மட்டும் பார்க்கும்: பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங். கியர்பாக்ஸ் நாளைக்குப் போய்விடுமா என்று அது சொல்லாது. டெக்ரா, ஏஏ போன்ற இடங்களில் காசு கட்டி முழுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். டர்பனில் வாங்கினால் அடிப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள், கடல்காற்று சும்மா விடாது.

தனியாரிடம் வாங்கினால் கதையே வேறு. கார் விற்பதைத் தொழிலாகச் செய்யாதவரிடம் வாங்கும்போது நான் மேலே சொன்ன ஆறு மாத உரிமை கிடையாது. இங்கே 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்பார்கள், இருக்கிறபடியே எடுத்துக்கொள்வது. குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழி உண்டு. டீலர் அந்த வார்த்தையை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு உங்கள் உரிமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாக எழுதி, நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அந்தக் குறையைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. டெலிவரி அன்று நீட்டும் காகிதங்களில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வாரண்டிக் கம்பெனி கைவிரித்தபோது கார் வாங்கி ஆறு மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தது. டீலர், "ஆறு மாதம் தாண்டிவிட்டதே" என்றார். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் கேட்டார்: "முதல் தடவை அவர்களிடம் எப்போது சொன்னாய்? எழுத்தில் இருக்கிறதா?" போனில்தான் சொன்னேன், எழுத்து எங்கே இருக்கப்போகிறது என்று யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. உதறல் வந்த அன்று மாலையே, டீலரின் சேல்ஸ்மேனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தேன். ஆறு நொடி. டாக்கோமீட்டர் முள் துள்ளுவது தெரியும். கீழே தேதி, இரண்டு நீல டிக். ஐந்தாம் மாதம்.

போனில் பேசுவதோடு விட்டுவிடுவதைப் போல நஷ்டம் தரும் பழக்கம் வேறில்லை. பேசுங்கள், பேசிய கையோடு, இன்ன தேதியில் இன்னாரிடம் இன்ன கோளாறைச் சொன்னேன், 56-ஆம் பிரிவின்படி இன்னது கேட்கிறேன் என்று ஒரு மெயில் அனுப்புங்கள். வாரண்டிக் கம்பெனியிடம் ஓடுவதற்கு முன் டீலருக்கு இது போய்ச் சேரவேண்டும். அங்கே கிளைம் நடக்கிற வாரங்களிலும் இங்கே ஆறு மாதம் கரைந்துகொண்டுதான் இருக்கும்.

டீலர் அசையவில்லை என்றால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மன், அதாவது புகார்களை விசாரிக்கும் நடுவர், அலுவலகம் இருக்கிறது. முதலில் டீலரிடமே புகார் கொடுத்திருக்கவேண்டும், அதன் நகலும் வேண்டும். புகார் கொடுப்பவருக்குக் கட்டணம் இல்லை. வாரண்டி காப்பீட்டுப் பாலிசியாக இருந்து அதில் கிளைம் மறுக்கப்பட்டால், 2024 மார்ச் 1 முதல் செயல்படும் தேசிய நிதி ஆம்பட்ஸ்மன் அமைப்பிடம் போகவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் மாதக்கணக்கில் நிற்பவர்கள் உண்டு. சண்டை நடக்கிறது என்பதற்காக வங்கித் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வங்கிக்கும் உங்கள் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் வண்டியைத் தூக்கிவிடுவார்கள்.

நான் ஆம்பட்ஸ்மனிடம் புகார் கொடுத்த பிறகு டீலர் பேச வந்தார். 94,000 ஓடிய காரில் கிளட்ச் எவ்வளவு நாள் உழைக்கவேண்டும் என்பது இரண்டு பக்கமும் பேசக்கூடிய விஷயம்தான். கடைசியில் பாகத்தின் விலை அவர் பொறுப்பு, கூலி என் பொறுப்பு என்று முடிந்தது. பிரிப்பதற்குக் கட்டிய 4,500 ராண்ட் திரும்பி வரவே இல்லை.

இந்த முறை ஒர்க்‌ஷாப்பில் விழித்துக்கொண்டேன். அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கினேன். நாம் சரி சொல்லாமல் அதைத் தாண்டி ஒரு ராண்ட்கூட வாங்க முடியாது. 57-ஆம் பிரிவின்படி, புதிதாகப் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத வாரண்டி தானாகவே உண்டு, அதையும் பில்லில் எழுதச் சொன்னேன். கழற்றிய பழைய பாகம் வேண்டும் என்றதும் ஒர்க்‌ஷாப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். 67-ஆம் பிரிவு அதைச் சுத்தமான பாத்திரத்தில் போட்டுத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. அவன் உள்ளே போய், இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, தேய்ந்த கிளட்ச் தட்டுகளை அதில் போட்டு, மூடியும் போட்டுக் கொடுத்தான்.