கையோடு கொண்டுசெல்லும் யூஎஸ்பி டிரைவர்: கைபேசியைக் கணினியுடன் இணைக்கும் முறை

ஆண்ட்ராய்டு கைபேசியை விண்டோஸ் கணினியில் செருகியும் அது திரையில் தெரியவில்லை என்றால், பலரும் உடனே டிரைவரை, அதாவது ஒரு சாதனத்தைக் கணினி அடையாளம் கண்டு இயக்க உதவும் மென்பொருளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும் தரவுக்கு இரண்டு கம்பிகளும் உண்டு. சார்ஜ் செய்வதற்கென்றே வரும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை என்பதால், எந்த டிரைவரைப் போட்டாலும் அவற்றால் பயன் கிடையாது. கேபிள் சரியாக இருந்தால், கைபேசியின் அறிவிப்புப் பட்டியைக் கீழே இழுத்து, யூஎஸ்பி அமைப்பை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். படங்களை நகலெடுக்கப் பெரும்பாலும் இதுவே போதும். அதற்கான எம்டிபி (கோப்புகளைப் பரிமாறும் முறை) டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது.

தனி டிரைவர் தேவைப்படுவது, கணினியிலிருந்து கைபேசிக்குக் கட்டளைகள் அனுப்பும் ஏடிபி (adb) என்ற கருவி போன்றவற்றுக்குத்தான். கூகுள் தரும் யூஎஸ்பி டிரைவர் ஒரு ஜிப் கோப்பாகவே கிடைக்கிறது. ஏடிபி அடங்கிய 'பிளாட்ஃபார்ம் டூல்ஸ்' தொகுப்பும் அப்படியே. இரண்டையும் பென் டிரைவில் வைத்துக்கொண்டு எங்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: கையோடு வருவது கோப்புறை மட்டுமே. டிரைவரை ஏற்கும்போது விண்டோஸ் அதைத் தன் சேமிப்பகத்துக்குள் நகலெடுத்துக்கொள்கிறது. ஆகவே அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி இல்லாத கணினியில் இந்த வழி பலிக்காது.

முதலில் கைபேசியின் செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டி, அதனால் தோன்றும் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதியில், கணினியின் கட்டளைகளைக் கைபேசி ஏற்க வழிவிடும் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்குங்கள். அடுத்து, டிரைவரின் ஜிப் கோப்பை விரித்துவைத்து, கைபேசியை இணைத்து, கணினியில் இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் எச்சரிக்கைக் குறியுடன் நிற்கும் சாதனத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'அப்டேட் டிரைவர்' என்பதையும், பிறகு கணினியிலேயே டிரைவரைத் தேடும் வாய்ப்பையும் தேர்ந்தெடுத்து, விரித்த கோப்புறையைக் காட்டுங்கள். விண்டோஸ் அங்குள்ள ஐஎன்எஃப் கோப்பை, அதாவது டிரைவரின் விவரக் கோப்பைப் படித்து, அதில் எழுதியிருக்கும் அடையாள எண்களில் உங்கள் சாதனத்தின் எண் இருக்கிறதா என்று ஒப்பிடும். பொருந்தவில்லை என்று மறுத்தால், கைபேசி நிறுவனத்தின் தளத்திலிருந்தே அதற்குரிய டிரைவரைப் பெறுங்கள். 'எல்லாக் கைபேசிக்கும் ஒரே டிரைவர்' என்று முகம் தெரியாத தளங்கள் தரும் தொகுப்புகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். டிரைவர் என்பது கணினியின் அடிமட்டம் வரை செல்லும் மென்பொருள். அதை நிறுவுவதற்காக டிஜிட்டல் கையொப்பச் சோதனையை (டிரைவர் யாரிடமிருந்து வந்தது என்று விண்டோஸ் சரிபார்ப்பதை) அணைக்கச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் நம்ப வேண்டாம்.

டிரைவர் அமர்ந்த பிறகு, பிளாட்ஃபார்ம் டூல்ஸ் கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஏடிபி டிவைசஸ்' (adb devices) கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் 'அன்ஆதரைஸ்டு' (அனுமதி இல்லை) என்று வந்தால் அது டிரைவரின் கோளாறு அன்று. கைபேசித் திரையில் அனுமதி கேட்கும் பெட்டி காத்திருக்கிறது. அதை ஏற்றவுடன் அந்தச் சொல் 'டிவைஸ்' என்று மாறிவிடும்.

பிறருடைய கணினியில் இதைச் செய்திருந்தால், வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் முன்பு கொடுத்த அனுமதிகளை ரத்து செய்து, யூஎஸ்பி டிபக்கிங்கையும் அணைத்துவிடுங்கள்.