சிற்றலை ரேடியோவுக்கு 7 மீட்டர் ஒயர்

வட கொரியாவின் வாய்ஸ் ஆஃப் கொரியா போன்ற பிரச்சார ஒலிபரப்புகள் இரைச்சலில் அமுங்கினால், 7 மீட்டர் இன்சுலேட்டட் ஒயரின் ஒரு முனையை ரேடியோவின் ஏரியலில் நான்கைந்து சுற்று சுற்றி, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே உயரமாகக் கட்டுங்கள். மேலுறையைச் சீவ வேண்டாம். செம்பும் ஏரியலும் மின்தேக்கிபோல இயங்கி அலையைக் கடத்திவிடும். நேரடியாக இணைத்தால் சாதாரண ரேடியோ திணறும், ஒரே நிலையம் டயலில் பல இடங்களில் தலைகாட்டும். நீளத்தைவிட இடம் முக்கியம்: எல்இடி விளக்கு, சார்ஜர், ரவுட்டர் எழுப்பும் இரைச்சல் வீட்டுக்குள்தான் அதிகம்.

மத்திய அலைக்கு இது உதவாது, அதற்கு ஏரியலாகப் பெட்டிக்குள் தனி ஃபெரைட் தண்டு இருக்கிறது. வேண்டுமென்றே ஜாமிங் செய்யப்படும், அதாவது இரைச்சல் அனுப்பி அமுக்கப்படும் அலைவரிசையில் இரைச்சலும் சேர்ந்தே கூடும். மின்கம்பி அருகே கட்டவே கூடாது. இடி மின்னலுக்கு வானம் கறுத்ததுமே ஒயரைக் கழற்றிவிடுங்கள்.