விடியலில் குளம், வெயிலில் அரண்மனை: குமரியில் ஒரு நாள்

பறவைகளோடு கோயிலையும் அரண்மனையையும் ஒரே நாளில் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோதான காலம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. மார்கழித் தேரோட்ட நாட்களையும் தள்ளிவையுங்கள். சுசீந்திரத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

காலை 6 மணிக்குச் சுசீந்திரம் குளக்கரையில் நிற்க வேண்டும். நாகர்கோவில் - கன்னியாகுமரி சாலையை ஒட்டிய குளம் இது. தேரூர் குளத்தோடு சேர்த்து 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில், இடம்பெற்றது. பேருந்துகள் பறக்கும் சாலை என்பதால் வண்டியை உள்ளே தள்ளி நிறுத்துங்கள். 8 மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் போதும். 10 மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் கூடவே பெரிதாகும்.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எதிர்வெயிலில் அரிவாள்மூக்கன்களில் ஒன்றான அன்றில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். அதன் செம்பழுப்பும் பச்சை மினுக்கும் வெளிச்சம் நேரே விழுந்தால்தான் புலப்படும். முதலில் கண்ணில் படும் கூழைக்கடாவிலேயே லயித்துவிடாமல், இடமிருந்து வலமாக ஒருமுறை முழுக்குளத்தையும் பாருங்கள். கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக வாருங்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இலைக்கோழியில். படங்களில் பார்த்த நீண்ட வாலைத் தேடுவார்கள். அது இனப்பெருக்கக் காலத்து வால், பனிக்காலத்தில் உதிர்ந்துவிடும். எனவே தாமரை இலைமேல் நடக்கும் பறவை எழும்பும்வரை காத்திருங்கள். இறக்கை பளிச்சென்று வெள்ளையாக விரிந்தால் நீளவால் இலைக்கோழி. உடம்பும் இறக்கையும் கருமையாக, கண்ணுக்குமேல் தடித்த வெள்ளைக் கோடு இருந்தால் மற்றது, வெண்கலச் சிறகுக்காரன்.

எட்டரைக்குப் புட்டும் பயறும் தின்றுவிட்டுச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பைனாகுலரையும் கேமராவையும் வண்டியிலேயே வையுங்கள். ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களையும் உயரமான ஆஞ்சநேயரையும் நிதானமாகப் பாருங்கள். தூண்களைத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

பத்து மணிக்குக் கிளம்பினால், நாகர்கோவில் நெரிசலைத் தாண்டி பதினொன்றரைக்குள் பத்மநாபபுரம் சேரலாம். மதியம் 1 முதல் 2 வரை டிக்கெட் தர மாட்டார்கள், அதற்குமுன் உள்ளே போய்விடுங்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இது. இன்று கேரள தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் கரிய தரையைச் சாய்வாகப் பாருங்கள், சன்னல் வெளிச்சம் அதில் வழுக்கும். அரண்மனையின் பழமையான பகுதியான தாய்க்கொட்டாரத்தின் மரவேலைக்கு மட்டுமே அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலையை இதே நாளில் சேர்க்க ஆசை வரும். அது மார்த்தாண்டத்துக்கு அப்பால், மாலையில் போக வேண்டிய உப்பளங்களுக்கு எதிர்த்திசை. சேர்த்தால் மாலைப் பறவைகள் போய்விடும்.

நான்கரைக்கு மணக்குடி, புத்தளம் உப்பளங்கள். மதியம் வந்தால் பாத்திகளிலிருந்து எழும் கானலில் எல்லாப் பறவையும் நெளியும். ஆழமில்லாத நீரில் இரைதேடும் பவழக்கால் உள்ளானும் கொசு உள்ளானும் கண்ணில் படும்; வாய்த்தால் பூநாரை. வரப்பில் ஏறாதீர்கள், மண் சரிந்தால் உப்புத்தண்ணீர் பாத்தி மாறிவிடும். வேலை செய்பவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் பாதையில் நில்லுங்கள்.

வீடு திரும்பியதும் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புத்துகள் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் காற்றடித்து ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.