ஊர் மானியப் பட்டியல்: பார்க்கும்போதும் கேட்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யார் எவ்வளவு மானியம் வாங்கினார்கள் என்று கேட்பது அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது என்று மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். அது பொதுப்பணம். மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. விவசாயக் குடும்பங்களுக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் பணம் தரும் பி.எம். கிசான் திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊர்ப் பட்டியல் வந்துவிடும்.

யாரும் பார்க்காத பட்டியலில் என்ன நடக்கும் என்பதை 2020இல் கண்டோம். தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இத்திட்டத்தில் நுழைந்தன. சுமார் 110 கோடி ரூபாய் போனது. அலுவலர்களின் கடவுச்சொல்லை வைத்து இடைத்தரகர்கள் பெயர்களை ஏற்றியதை சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கொரோனா நிவாரணம் என்று நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்த ஏழைகள் பலர். நிலமே இல்லாதவர் யார் என்று ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இன்றும் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

சரி, பட்டியலைப் பார்த்துவிட்டீர்கள். உடனே ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடுவது அடுத்த தவறு. "அவருக்கு இருபது ஏக்கர் இருக்கே, அவருக்கு எதுக்கு?" என்பார்கள். 2 ஹெக்டேருக்கு (சுமார் 5 ஏக்கர்) மேல் நிலம் இருந்தால் பி.எம். கிசான் பணம் கிடையாது என்ற வரம்பு 2019இலேயே நீக்கப்பட்டது. நிலம் அதிகம் என்பது இப்போது தடையில்லை. வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர் (கடைநிலை ஊழியர் தவிர), தொழில் செய்யும் டாக்டர், வக்கீல் போன்றோருக்குத்தான் கிடையாது. கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் அந்தக் குடும்பத்துக்கு. கணவனும் மனைவியும் தனித்தனியே வாங்கினால் கேள்வி கேட்கலாம். தனிப் பட்டா வைத்திருக்கும் அண்ணன் தம்பி வாங்கினால் அதில் குற்றமில்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊர்களில் தகப்பனார் பெயரையும் பார்த்துவிடுங்கள்.

குத்தகைக்கு உழுபவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. அதற்காக வேளாண் அலுவலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பெயர் விடுபடவில்லை, திட்டமே நில உரிமையாளருக்கு மட்டும். பெரியாறு பாசனத்தில் வெயிலில் நின்று நாற்று நடவு பார்ப்பவர் ஒருவர், பணம் வாங்குபவர் இன்னொருவர் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதைக் கிராமசபையிலும் மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

சொட்டுநீர் மானியத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. அந்தப் பணம் விவசாயி கைக்கு வராது, குழாய் அமைக்கும் நிறுவனத்துக்குப் போகிறது. அதனால் பெயரையும் தொகையையும் மட்டும் கேட்டால் போதாது. சர்வே எண், பரப்பு, நிறுவனத்தின் பெயர், கள ஆய்வு அறிக்கையின் நகல் எல்லாம் கேளுங்கள். பிறகு வரப்பில் நடந்து பார்த்தாலே குழாய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கொடுக்கும் மனுவில் "ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்?" என்று எழுதினால் பதில் வராது, விளக்கம் தர அலுவலருக்குக் கடமையில்லை, ஆவணம் தரத்தான் கடமை. மாவட்டம் முழுமைக்கும் கேட்காமல் ஒரு வருவாய்க் கிராமம், ஒரு நிதியாண்டு என்று சுருக்குங்கள். பி.எம். கிசான் பற்றி வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், மல்லிகைத் தோட்டத்துச் சொட்டுநீர் பற்றித் தோட்டக்கலைத் துறையிலும் கேட்க வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.

ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்காதீர்கள். கைக்கு வந்த பட்டியலை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். சந்தேகமான பெயரை ஆதாரத்தோடு எழுத்தில் புகாராகக் கொடுங்கள். தகவல் கேட்ட மனுவுக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.