வாத்துதானேன்னு நெனச்சா போச்சு: நியூசிலாந்து ஃபியோ விஷயத்துல நாம பண்ற தப்புங்க

அறுவடை முடிஞ்ச வயல்ல நூத்துக்கணக்குல வாத்த ஓட்டிட்டுப் போறத பாத்து வளந்த ஆளு நான், அதனால வாத்துன்னா சேறு, தேங்குன தண்ணி, கூட்டம், ஒரே சத்தம், இதான் மனசுல பதிஞ்சிருக்கு. நியூசிலாந்துல ஃபியோங்கற வாத்த பாக்கலாம்னு போன முதல் நாளும் இதே நெனப்புதான். டூராங்கிங்கற ஊரு பக்கம் டோங்காரிரோ ஆத்துல தண்ணி ஆடாம நிக்கிற எடமா பாத்து ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். மல்லார்ட் வாத்து நாலு வந்து என் கையில பிஸ்கட் இருக்கான்னு நோட்டம் விட்டுட்டுப் போச்சு, அவ்ளோதான்.

ஃபியோ குளத்து வாத்தே இல்ல. வருஷம் பூரா வேகமா ஓடுற மலை ஆத்துலயே வாழற வாத்து உலகத்துலயே விரல் விட்டு எண்ற அளவுதான் இருக்கு, அதுல இது ஒண்ணு. பாறையில தண்ணி மோதி வெள்ளையா நொரைக்குற எடத்துலதான் தேடணும். அதுவும் மத்தியானம் போய் நின்னா கெடைக்காது, பொதுவா விடியற நேரமும் பொழுது சாயுற நேரமும்தான் நல்லா வெளிய வந்து மேயும்.

பேரையும் தப்பாத்தான் சொல்லிட்டிருந்தேன். இங்கிலீஷ் எழுத்துல (whio) பாத்தா ‘வியோ’ன்னு படிக்கத் தோணும், ஆனா அங்கத்த பூர்வகுடி மக்களோட மவோரி மொழியில அது ‘ஃபியோ’. ஆண் வாத்து அடிக்கிற விசில் சத்தம்தான் பேராவே ஆயிருச்சு, ஆத்து இரைச்சலையும் தாண்டி அந்த விசில் கேக்கும். பொண்ணு விசில் அடிக்காது, தொண்டையில கரகரன்னு ஒரு உறுமல்தான் வரும். அதனால கண்ணால தேடுறதுக்கு முன்னாடி காத வெச்சு தேடுங்க, ஏன்னா ஒடம்பு முழுக்க பாறை நெறம், நீலமும் சாம்பலும் கலந்தாப்ல, நெஞ்சுல மட்டும் செம்பழுப்புப் புள்ளி. நான் ஒரு கல்லையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன், அப்புறம்தான் கல்லுக்கு எப்படிடா மஞ்சக் கண்ணு இருக்கும்னு உறைச்சுது.

சரி, பாத்தாச்சு, உடனே ரொட்டி போடலாமான்னு கேக்காதீங்க. அதோட அலகு வெளிறின ரோஸ் கலர்ல இருக்கும், நுனியில ரெண்டு பக்கமும் கருப்பா மெத்துன்னு ரப்பர் மாதிரி சதை தொங்கும். பாறை மேல ஒட்டிக்கிட்டு இருக்கிற பூச்சிப் புழுவ சுரண்டி எடுக்கத்தான் அந்த டிசைன், அதான் சாப்பாடே. ஆக கல்லு சுத்தமா, தண்ணி தெளிவா இருந்தாத்தான் இதுக்கு சோறு.

இப்போ பெரிய தப்புக்கு வரேன். ‘ஆத்துல பத்து வாத்து பாத்தேன், நல்லாத்தானே இருக்கு’ன்னு சொல்றவங்க நெறய பேரு. மொத்தமே 3000க்கும் கம்மின்னு கணக்கு, அது ஒரு பக்கம் இருக்கட்டும். பாத்த பத்துல எத்தன பொண்ணுன்னு கேக்கணும். ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் முட்டை சீசன், ஆத்தங்கரையில பொந்து, மரக்கட்டை அடி, இப்படி தரையிலதான் கூடு. ஒரு மாசத்துக்கு மேல பொண்ணு மட்டும்தான் அடைகாக்கும், ஆண் ஆத்துல காவல். அந்த நேரத்துல ஸ்டோட்ங்கற வேட்டைப் பிராணி வந்தா முட்டை மட்டும் போகாது, அம்மாவும் சேந்து போயிரும். இது வருஷா வருஷம் நடந்தா கடைசியில ஆத்துல ஆணா மிஞ்சும். தல எண்ணிக்கை ஓரளவு இருக்கும், குஞ்சு இருக்காது. கேட்டாலே வயித்தக் கலக்குற கணக்கு இது.

ஸ்டோட்னா நம்ம கீரி மாதிரி ஒல்லியா நீளமா ஒரு பிராணி. 1880கள்ல முயல் தொல்லை தாங்காம வெளியில இருந்து கொண்டு வந்து விட்டாங்க. பறவை தெரிஞ்சவங்க அப்பவே வேணாம்னாங்க, யாரு கேட்டா. அதனால ‘ஆத்துல அணை கட்டுனதாலதான் எல்லாம் போச்சு’ன்னு ஒரே காரணத்துல முடிக்கிறதும் தப்பு. தண்ணி திருப்பறது, காடு அழிக்கறது, வெள்ளத்துல கூடு அடிச்சிட்டுப் போறது எல்லாமே பாதிப்புதான், ஆனா முதல் வில்லன் ஸ்டோட்.

இதே மாதிரி இன்னொண்ணு, ‘முட்டைய எடுத்து பொரிக்க வெச்சு விட்டுட்டா சரியாயிரும்ல’. அதையும் பண்றாங்க, கூட்டுல இருந்து முட்டை எடுத்து, பாதுகாப்பா வளத்து, டூராங்கியில ஓடுற தண்ணியில பழக்கி ஆத்துல விடறாங்க. ஆனா பொறி வைக்காத ஆத்துல விட்டா அது ஸ்டோட்டுக்கு பார்சல் அனுப்புன கணக்கு. அந்தப் பொறிய ஆத்தங்கரை நெடுக மரப்பெட்டிக்குள்ள வெச்சிருப்பாங்க, உள்ள முட்டையோ கறியோ இரையா இருக்கும். சின்னப் பசங்க தொறந்து பாக்க ஆசப்படுவாங்க, கைய விட விடாதீங்க, வெரலு போயிரும். காத்து வாங்க ஆத்தோரம் போறவங்க நாய அவுத்து விடறதும் வேணாம், கூட்டுல இருக்கறத மோப்பம் பிடிச்சிரும்.

போட்டோ எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆறு சொந்தம், அதுக்காக மத்த ஃபியோவோட முட்டி மோதி சண்ட போடும். நீங்க லென்ஸ தூக்கிட்டு பின்னாடியே போனா அது எல்லைய தாண்டி அடுத்த ஜோடி எடத்துக்குள்ள போய் மாட்டும். குஞ்சு இருந்தா இன்னும் மோசம். குஞ்சுக்கு காலு மட்டும் ஒடம்புக்கு சம்பந்தமே இல்லாம பெருசா இருக்கும், பொரிச்ச கொஞ்ச நாள்லயே நொரைத் தண்ணியில நீந்தும், ஆனா பறக்க 70, 80 நாள் ஆகும். அதுவரைக்கும் தப்பிக்க தண்ணி ஒண்ணுதான் வழி. ஒரு எடத்துல உக்காந்துருங்க, அதுவே பக்கத்துல வரும், எனக்கு ரெண்டாவது நாள் அப்படித்தான் வந்துச்சு.

கடைசியா ஷூ. டிடிமோன்னு ஒரு பாசி 2004ல தெற்குத் தீவுல கண்டுபிடிச்சாங்க, பாறைய போர்வை போத்துன மாதிரி மூடிரும், கல்ல சுரண்டி சாப்பிடுற வாத்துக்கு அது என்ன பண்ணும்னு சொல்ல வேண்டியதில்ல. ஒரு ஆத்துல நனஞ்ச ஷூவோட அடுத்த ஆத்துல எறங்குனா நாமதான் கொண்டு போய் சேக்குறோம். கழுவி, தொட்டா ஈரம் இல்லாத அளவு காஞ்சதுக்கப்புறம் இன்னும் 48 மணி நேரம் விடணும். லீவே மூணு நாளுன்னா அது ஆகாத வேலை, அதான் இப்போ காருல ரெண்டு ஜோடி ஷூ வெச்சிருக்கேன், வீட்ல திட்டுறாங்க நாத்தம் தாங்கலன்னு.