எஞ்சின் சைக்கிளை மேட்டில் இழுக்க வைப்பது எப்படி

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும்போது பாதித் தூரம் பெடலும் மிதித்தால்தான் உங்கள் எஞ்சின் சைக்கிள் நகர்கிறது என்றால், பெரிய எஞ்சின் வாங்கக் காசு தேடாதீர்கள், இருக்கிற எஞ்சினிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சம் இருக்கிறது. சாதாரண சைக்கிளில் பூட்டுவதற்கென்று 80 சிசி என்று சொல்லி விற்கிற சீன 2-ஸ்ட்ரோக் எஞ்சின் கிட்டைத்தான் நம்மில் பெரும்பாலானோர் பூட்டியிருக்கிறோம். அதில் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடுகிற நீளம் 38 மில்லிமீற்றர், கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். சில எஞ்சினில் ஓட்டம் 40 இருக்கும், அது 69. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், 66 சிசி என்று விற்கிறதைக் கழற்றிவிட்டு 80 என்று எழுதியதை வாங்கிப் பூட்டினால் பெரும்பாலும் அதே எஞ்சின்தான் திரும்ப வந்து நிற்கும்.

இங்கே நான் சொல்வதெல்லாம் வேகத்துக்காக அல்ல, இழுவைக்காக. கீழே மட்டமான ரோட்டில் ஓடுகிறவர்கள் செய்கிற சில வேலைகள் நமக்கு நேர்மாறாகப் போய் முடியும்.

நம் மலையகத்தில் எஞ்சின் ஏன் சோர்கிறது என்றால், சரிவு ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம். கடல் மட்டத்தோடு பார்க்கும்போது ஹட்டன் உயரத்தில் காற்று சுமார் 12 சதவீதம் மெலிந்திருக்கும், 1868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் கிட்டத்தட்ட 17 சதவீதம். எஞ்சினுக்குள் போகிற காற்று குறைந்தால் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். அதோடு காற்று குறைந்த அளவுக்குப் பெற்றோல் குறையாததால் கலவை கெட்டியாகி, மேட்டில் எஞ்சின் ‘டுர்... டுர்’ என்று விட்டுவிட்டு வெடிக்கும், சைலன்சர் நுனியில் கறுப்பாக எண்ணெய் வடியும்.

முதல் வேலை பின் ஸ்ப்ரொக்கெட், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரம். கிட்டில் முன்னால் 10 பல்லும் பின்னால் 44 பல்லும் வரும். பின்னால் 50 பல்லுப் போட்டால் சில்லுக்குக் கிடைக்கிற இழுவை 13 சதவீதத்துக்கு மேல் கூடும், அதாவது ஹட்டன் உயரத்தில் காற்று பறித்துக்கொண்டதை ஒரு ஸ்ப்ரொக்கெட் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதற்குப் பதிலாக இழப்பது? 26 அங்குலச் சில்லில் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது முன்பு மணிக்கு 34 கிலோமீற்றர் போன வண்டி இப்போது 30 போகும். நம் வளைவுகளில் அந்த நாலு கிலோமீற்றரை யாரும் தேடப்போவதில்லை. 56 பல்லும் கிடைக்கிறது, இழுவை 27 சதவீதம் கூடும், ஆனால் மட்டத்தில் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். தேயிலை மலைக்குள்ளேயே சாமான் ஏற்றி ஓடுகிறவர்களுக்கு 56, டவுனுக்கும் போய்வருகிறவர்களுக்கு 50 என்பது என் முடிவு.

ஸ்ப்ரொக்கெட்டைப் பின் சில்லுக் கம்பிகளில் ரப்பர் வைத்து 9 போல்ட்டால் இறுக்குகிற முறையில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஸ்ப்ரொக்கெட் சாய்ந்துவிடும். எதிரெதிராகக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, சில்லைச் சுற்றிவிட்டு, ஓரத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துப் பாருங்கள், பென்சிலுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் செயின் கழன்று கம்பிக்குள் போகும். பெரிய ஸ்ப்ரொக்கெட்டுக்குச் செயினையும் நீட்ட வேண்டிவரும். செயின் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கிற டென்ஷனரைச் சும்மா இறுக்கி வைத்தால் ஒருநாள் திரும்பிச் சில்லுக்குள் நுழையும், அதை ஃபிரேமோடு அசையாமல் பிடிக்க வையுங்கள்.

அடுத்தது காற்றையும் பெற்றோலையும் கலக்கிற காபரேட்டர். இதில் காசு செலவில்லை, பொறுமைதான் வேண்டும். மேல் மூடியைக் கழற்றினால், திராட்டிலோடு ஏறி இறங்குகிற ஸ்லைடுக்குள் ஒரு ஊசி இருக்கும், அதன் தலையில் காடிகள், ஒரு காடியில் சின்ன கிளிப். கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், பெற்றோல் குறையும். ஒரே நேரத்தில் ஒரு காடிதான். மாற்றியதும் ஒரு நல்ல மேட்டில் முழு திராட்டிலில் ஏறி, அங்கேயே எஞ்சினை நிறுத்தி அதே நொடியில் கிளட்சையும் பிடித்து, தீப்பொறி விடுகிற பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கான் பால் கோப்பி நிறத்தில் இருந்தால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் இன்னும் கெட்டி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் உடனே பழைய காடிக்குத் திரும்புங்கள், அந்த நிறத்தில் ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். ஊசி போதவில்லை என்றால்தான் ஒரு அளவு சிறிய மெயின் ஜெட், அதாவது பெற்றோல் வருகிற துளையுள்ள சின்னத் திருகு. இன்னொன்று, நுவரெலியாவுக்குச் சரிசெய்த வண்டியை அப்படியே ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறக்கினால் கீழே காற்று அடர்த்தி கூடிக் கலவை மெலிந்துவிடும். இறங்கிப் போகிறவர்கள் பழைய ஜெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டோடு வந்த பிளக்கை எடுத்துவிட்டு என்ஜிகே பி6எச்எஸ் போடுங்கள், இடைவெளி 0.6 மில்லிமீற்றர். குளிர் காலையில் ஸ்டார்ட் ஆவதிலேயே வித்தியாசம் தெரியும். பிளக் மூடியையும் நல்லதாக மாற்றுங்கள், நம் மழைக்கும் மூடுபனிக்கும் அந்தக் கிட் மூடி தாங்காது.

இனி எஞ்சின் மூச்சு விடுகிற வழி. காபரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகிற இன்டேக் குழாயைக் கழற்றி கேஸ்கெட்டோடு சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் கேஸ்கெட்டின் காகிதம் துவாரத்துக்குள் ஒரு மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கும், குழாயின் ஓட்டையும் சிலிண்டரின் ஓட்டையும் ஒன்றோடொன்று பொருந்தாது. சின்ன அரத்தால் ராவி இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், பிசிறு ஒன்றுகூட உள்ளே விழாமல் துணி அடைத்துவிட்டு. இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புகை வெளியேறுகிற எக்ஸோஸ்ட் துவாரத்தை மேல்பக்கம் உயர்த்துவதும், பிஸ்டன் பாவாடையை, அதாவது அதன் கீழ் விளிம்பை, வெட்டுவதும் அதிகச் சுற்றில் வேகம் தருகிற வேலைகள், கீழ்ச் சுற்றில் இழுவையைத் தின்றுவிடும். மட்டத்தில் ரேஸ் ஓடுகிறவனுக்கு அது சரி, கொழுந்து மூட்டையோடு மேடு ஏறுகிறவனுக்கு அது நஷ்டம். காசு இருந்தால் ரீட் வால்வு பூட்டலாம், மெதுவாக ஓடும்போது காபரேட்டர் வழியாகத் திரும்பித் துப்புகிற கலவையை அது தடுத்து உள்ளேயே நிறுத்தும், மேட்டில் எனக்கு அதிகம் உதவியது ஸ்ப்ரொக்கெட்டுக்கு அடுத்தபடி அதுதான். நடுவில் வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சைலன்சர் வாங்குவதானால் முன்குழாய் நீளமானதாகப் பாருங்கள், குழாய் நீள நீளப் பலம் கீழ்ச் சுற்றுக்கு இறங்கிவரும்.

சிலிண்டருக்குள் கலவை அமுங்குகிற அழுத்தத்தைக் கூட்டுவது கடைசி வேலை. மெல்லிய காற்றுக்கு அது நல்ல மருந்து, ஆனால் அளக்காமல் தொடக்கூடாது. பற்றவைக்கிற ஈயக்கம்பி ஒரு துண்டை பிளக் ஓட்டை வழியாக விட்டு, பிஸ்டன் பின் இருக்கிற திசையில் சிலிண்டர் சுவரைத் தொடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெளியே எடுத்தால் நுனி நசுங்கித் தட்டையாக இருக்கும், அந்தத் தடிப்புத்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. என்னுடையதில் 1.6 மில்லிமீற்றர் இருந்தது. லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சீவி 1.0க்குக் கொண்டுவந்தேன், ஒவ்வொரு தடவையும் புதுக் கம்பி விட்டு அளந்து அளந்து. 0.8க்குக் கீழே போகவே போகாதீர்கள். பிறகு மேட்டில் ‘கிண் கிண்’ என்று உள்ளே சத்தம் வந்தால் 95 ஒக்டேன் பெற்றோலுக்கு மாறுங்கள், அப்போதும் நிற்காவிட்டால் தடித்த கேஸ்கெட் போட வேண்டியதுதான்.

இதெல்லாம் முடிந்து வண்டி பறக்கத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில்தான் நான் எஞ்சினைச் சாகடித்தேன். ரதெல்லக் குறுக்கு ரோட்டில் திராட்டிலை முழுசாக மூடிவிட்டு எஞ்சின் பிடியிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன், பிரேக் கட்டை தேயக்கூடாது என்று. ஒரு கீச்சுச் சத்தம், பின் சில்லு அப்படியே பூட்டிக்கொண்டது, ரோட்டில் கறுப்புக் கோடு விழுந்தது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பிஸ்டனைக் கழற்றினால் எக்ஸோஸ்ட் பக்கம் முழுக்க நகத்தால் பிறாண்டிய மாதிரி கோடுகள், வளையம் காடியிலேயே இறுகி ஒட்டியிருந்தது. பழைய 2-ஸ்ட்ரோக் த்ரீவீல்களில் வேலை பழகிய ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன், அவர் பிஸ்டனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “எறங்கும்போது எண்ணெய் எங்கயிருந்து வருது தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அதுதான் விஷயம். இந்த எஞ்சினில் எண்ணெய் பெற்றோலோடு கலந்துதான் வருகிறது. திராட்டிலை மூடினால் பெற்றோல் ஏறக்குறைய நிற்கும், அதோடு எண்ணெயும் நிற்கும், ஆனால் இறக்கம் சில்லைத் தள்ள, எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். 50 பல்லு போட்டவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், அதே வேகத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றுகிறதே. ஆகவே நீண்ட இறக்கத்தில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை ஐட்லில் விடுங்கள், அல்லது சில நொடிக்கு ஒருமுறை திராட்டிலைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள். கலவை 25க்கு 1, அதாவது லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் 2டி, அதாவது 2-ஸ்ட்ரோக் எண்ணெய். புதுப் பிஸ்டன் என்றால் முதல் சில டாங்குக்கு 50 மில்லிலீற்றர்.

எஞ்சின் பிடியில் இறங்கக்கூடாது என்றால் நிறுத்துவது முழுக்கப் பிரேக்தான், அதனால் ஸ்ப்ரொக்கெட் வாங்குகிற அன்றே முன்னும் பின்னும் புதுப் பிரேக் கட்டை வாங்குங்கள். மழையில் ரிம் நனைந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு எதுவும் பிடிக்காது, வளைவுக்கு வெகு முன்பே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் முன்னால் டிஸ்க் போடுங்கள். பெருந்தெருவில் ஓட்டுவதானால் பதிவு, காப்புறுதி, லைசன்ஸ் எல்லாம் மோட்டார் வாகனத்துக்கு உள்ளதுதான், சைக்கிள் ஃபிரேம் என்பதால் விலக்கு கிடையாது.

வேலை முடிந்து முதல் தடவை ஓட்டிவிட்டு வந்ததும் எஞ்சின் நன்றாக ஆறும்வரை விட்டு, ஹெட் நட்டு நாலையும் குறுக்கும் மறுக்குமாக ஒருமுறை இறுக்குங்கள், கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும். ஸ்ப்ரொக்கெட் போல்ட் ஒன்பதையும் அதே நாளில் பாருங்கள், பிறகு வாரம் ஒருமுறை. சீட்டுக்குக் கீழே ஒரு பழைய டியூப் துண்டில் புது பிளக் ஒன்றையும் பிளக் ஸ்பானரையும் சுற்றிக் கட்டி வையுங்கள்.