லாகின் ஸ்லோவா? எந்த டொமைன் கன்ட்ரோலர்கிட்ட போகுதுன்னு பாருங்க

பக்கத்துலயே டொமைன் கன்ட்ரோலர் (ஆபீஸ் லாகின சரிபார்க்கிற சர்வர்) இருந்தும் யூசர் எங்கயோ தூரத்து பிராஞ்ச் சர்வர்ல போய் லாகின் ஆகுறாங்கன்னா, முக்காவாசி நேரம் அவங்க கம்ப்யூட்டரோட ஐபி ரேஞ்ச (சப்நெட்ட) ஆக்டிவ் டைரக்டரில (யூசர், கம்ப்யூட்டர் விவரத்த வெச்சிருக்கிற விண்டோஸ் சர்வீஸ்) எந்த சைட்டோடயும் (அதுல ஒவ்வொரு ஆபீஸ் இடத்துக்கும் வெக்கிற பேரு) சேர்க்காம விட்டிருப்பாங்க, புதுசா விலான் (நெட்வொர்க்குக்குள்ள தனியா பிரிக்கிற பகுதி) போட்டா இது மறந்தே போயிடும். கமாண்ட் பிராம்ப்ட்ல லாகான்சர்வர் வேரியபிள (எந்த சர்வர்ல லாகின் ஆச்சுன்னு காட்டுறது) மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, கேஷ்ல (கம்ப்யூட்டர்லயே சேமிச்சு வெச்ச பழைய விவரத்துல) லாகின் ஆயிருந்தா பழைய பேரையே காட்டும். என்எல்டெஸ்ட் கமாண்ட்ல டிஎஸ்கெட்சைட் ஆப்ஷன் போடுங்க (nltest /dsgetsite), சைட் பேரு தப்பாவோ வராமலோ இருந்தா விஷயம் அங்கதான். டொமைன் கன்ட்ரோலர்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள டீபக்ல நெட்லாகான் லாக் ஃபைல் இருக்கும் (யாரும் திறக்கவே மாட்டாங்க), அதுல 'நோ கிளையன்ட் சைட்'னு (NO_CLIENT_SITE) வர்ற வரியிலயே விட்டுப்போன ஐபி இருக்கும், அந்த சப்நெட்ட ஆக்டிவ் டைரக்டரி சைட்ஸ் அண்ட் சர்வீசஸ் டூல்ல சரியான சைட்டோட சேர்த்துட்டு, மத்த டொமைன் கன்ட்ரோலருக்கும் ரெப்ளிகேட் (காப்பி) ஆனதும் கிளையன்ட்ட (யூசரோட கம்ப்யூட்டர) ரீஸ்டார்ட் பண்ணுங்க. சைட் சரியா இருந்தும் மாறலன்னா டிஎன்எஸ்ல எஸ்ஆர்வி ரெக்கார்ட (எந்த சர்வீஸ் எந்த சர்வர்ல இருக்குன்னு சொல்ற பதிவு) பாருங்க.